ஜோயல் வீட்டு டிவி சாக்கெட்

இல்லை, சாக்கெட்டுக்குள் எலி இல்லை. எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். ஜோயல் டார்ச் அடித்தே பார்த்துவிட்டான். ஒரு கரப்பான் கூட இல்லை.

இது நிஜமாக நடந்தது. நம்பாதவர்கள் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வாருங்கள், வீட்டைக் காட்டுகிறேன். உள்ளே நான் வரமாட்டேன், அது வேறு விஷயம். ஜோயல் என் நண்பன். பொய் சொல்லத் தெரியாதவன். இதைச் சொல்லி முடிக்கும் வரை அவன் முதுகைச் சுவரில் சாய்க்கவே இல்லை.

அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி ஷாரோன் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். நாலு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவாள். அவனுக்குக் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட். மறு வாரம் செகண்ட் ஷிப்ட், மதியம் மூன்றிலிருந்து ராத்திரி பதினொன்று வரை. மூன்று மாடி வீட்டில் முதல் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மொட்டை மாடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு டிஷ் இருக்கிறது, ஒயர் சுவருக்குள்ளேயே இறங்கி ஹாலில் ஒரு சாக்கெட்டுக்கு வருகிறது, அதில் செருகிக்கொண்டால் போதும் என்று வீட்டு ஓனர் வாசுதேவன் சொல்லியிருந்தார். செருகினார்கள். படம் வந்தது.

ஆனால் ஜோயல் வீட்டில் இருக்கும் வாரங்களில் மட்டும், மாலை 7:10 ஆனால் படம் கட்டம் கட்டமாக உடையும். டிவியில் பாட்டுப் போட்டி சூடு பிடிக்கிற நேரம் அது.

"நீ செகண்ட் ஷிப்டு போனா சூப்பரா வருது ஜோ. நீ வந்து உக்காந்தா தான் பேஜாரு" என்று ஷாரோன் சிரிப்பாள்.

"அப்போ நான் வேணா வெளிய போய் நிக்கட்டா?"

"நின்னு பாரேன். படம் வந்தாலும் வரும்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்குத்தான் உள்ளே முள் மாதிரி குத்தியது. ஒருநாள் ராத்திரி வேலை முடிந்து வந்தபோது அவள் சாதாரணமாக இன்னொன்று சொன்னாள்.

"கேபிள்காரரு வந்தாரு. சாக்கெட்ட கழட்டி மாட்டினாரு. படம் ஒழுங்கா வர்தான்னு கொஞ்ச நேரம் உக்காந்து பாத்துட்டுப் போனாரு."

"உக்காந்தானா? எங்க?"

"சோபாவுலதான். பின்ன தரையிலயா உக்கார வெப்பாங்க?"

அந்தத் தெருவுக்கே கேபிள் வேலை பார்ப்பவன் ஆல்வின் ஒருவன்தான். சர்ச்சில் ஷாரோனோடு கொயரில் பாடுகிறவன். நல்ல குரல், நல்ல உயரம். தெரிந்தவன் பெயரைச் சொல்லாமல் ஏன் 'கேபிள்காரர்' என்கிறாள்? எதையோ மறைக்கிறாள். ஜோயல் அப்படித்தான் கணக்குப் போட்டான். கேட்கவில்லை, உள்ளேயே வைத்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு ஆராதனை முழுக்க அவன் ஆல்வினின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கைதானே தன் வீட்டுச் சுவரைத் தொட்டது என்று. இரண்டு வாரம் கழித்து, மறுபடி செகண்ட் ஷிப்டில், 'கேபிள்காரர்' இன்னொரு தடவை வந்துபோனார். ஜோயலுக்குத் தூக்கமே போய்விட்டது. வேண்டுமென்றே லூசாக மாட்டிவிட்டுப் போகிறான், அப்போதுதானே திரும்பி வரலாம்.

போன ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. காலை ஷிப்ட் முடித்து வரும்போது ஸ்டேஷன் ரோட்டுக் கடையில் புது சாக்கெட்டும் ஸ்குரூ டிரைவரும் வாங்கினான்.

"நானே போடறேன். இனிமே எவனும் வூட்டுக்குள்ள வர வேணாம்."

6:50. பழைய சாக்கெட்டைக் கழற்றினான். ஸ்குரூ இரண்டின் தலையும் பளபளவென்று தேய்ந்திருந்தன, தினமும் யாரோ கழற்றி மாட்டுவது போல. உள்ளே ஒயரின் நடுச் செம்புக் கம்பி பிடியிலிருந்து வெளியே வந்து கிடந்தது. நுனியைச் சீவி, புது சாக்கெட்டில் நுழைத்து முறுக்கினான். இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. 7:05-க்கு வேலை முடிந்தது. படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. பெருமையாக சோபாவில் உட்கார்ந்தான்.

7:10.

சுவருக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம்.

படம் உடைந்தது.

கழற்றினான். கம்பி வெளியே கிடந்தது. மாட்டினான். 'டிக்'. மறுபடி வெளியே. மூன்றாவது தடவை அவன் பொறுமை போய்விட்டது. இத்தனை வாரம் உள்ளே வைத்திருந்ததைக் கேட்டுவிட்டான்.

"நீதான் கழட்டி வுடறியா? அவன் வரணும்னு?"

ஷாரோன் ரிமோட்டைச் சோபாவில் வைத்தாள்.

"எவன் வரணும்னு?"

"உனக்குத் தெரியாதா?"

"நான் சோபாவுல கீறேன். நீ சாக்கெட்டு கிட்ட கீற. நான் எப்படி கழட்டுவேன், நீயே சொல்லு. இன்னொரு தபா இப்டி கேட்டன்னா அணுபுரத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன். திரும்பி வரமாட்டேன்."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டுக்குப் போனான். மணி 7:31.

உள்ளே பாட்டு கேட்டது. விட்டு விட்டு வரவில்லை. தெளிவாக.

ஜன்னல் வழியே பார்த்தான். படம் சுத்தமாக ஓடியது. கதவைத் திறந்து ஒரு கால் வைத்தான். கட்டம் கட்டமாக உடைந்தது. காலை வெளியே எடுத்தான். சரியானது.

உள்ளே... உடைந்தது.

வெளியே... சரியானது.

மறுபடி ஜன்னலுக்கு வந்தான். சோபாவின் ஒரு ஓரத்தில் ஷாரோன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஓரத்தில் யாரும் இல்லை. ஆனால் அங்கே மெத்தை... அமுங்கியிருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ, அவ்வளவு.

ஷாரோன் டிவியிலிருந்து பார்வையை எடுக்காமல் அந்தப் பக்கமாகச் சொன்னாள்.

"சண்ட போட்டுட்டு வந்து பக்கத்துலயே உக்காந்துக்கற. வெக்கமே இல்ல உனக்கு."

ஜோயல் வெளியே நின்றுகொண்டிருந்தான்.

அந்த நொடியில் பயத்தைவிடப் பொறாமைதான் முதலில் வந்தது என்கிறான். என் பெண்டாட்டி பக்கத்தில் எவன்டா என்று. அந்த வேகத்தில்தான் உள்ளே ஓடினான். படம் உடைந்தது. மெத்தை மெதுவாக... மேலே எழும்பியது. ஷாரோன் திரும்பினாள். பக்கத்தில் பார்த்தாள். கதவருகே ஜோயலைப் பார்த்தாள்.

"ஜோ... நீ இங்கதான..."

அவன் சாக்கெட்டைப் பிடித்து வெளியே இழுத்தான். ஒயர் நீண்டு வந்தது.

பிறகு நின்றது.

பிறகு உள்ளே போனது.

இழுத்தான். சுவருக்குள்ளிருந்தும் இழுத்தார்கள். அவசரமே இல்லாமல். நிதானமாக.

கட்டிங் பிளேயரை எடுத்து, ஒயரை வெட்டினான்.

7:44.

படம் வந்தது.

வெட்டிய நுனி அவன் கையில். டிவியில் ஒரு புள்ளி பிசகாமல் படம்.

சுவருக்குள் ஸ்குரூ திருகும் சத்தம்...

கர்ர்க்.

கர்ர்க்.

ஷாரோன் அவன் கையைப் பிடித்தாள். ஓடினார்கள்.

அன்றைக்கே பைக்கில் அணுபுரம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சாமான்களை நாங்கள் நாலு பேர் பகலில் போய் எடுத்துவந்தோம். சோபாவை மட்டும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஜோயல் ஆல்வினை மடக்கினான். அப்போதும் அவனுக்குச் சந்தேகம் முழுசாகப் போகவில்லை.

"என் வூட்டுக்கு நீ எத்தினி தபா வந்த?"

"உன் வூட்டுக்கா? நான் வந்ததே இல்லயே மச்சான்."

"சாக்கெட்டு போட்டியே."

"எந்த சாக்கெட்டு? அந்த பில்டிங் டிஷ்ஷு ரெண்டு வர்ஷமா செத்து கீது. மேல கீறவங்கள்லாம் தனியா போட்டுகினாங்க. உன் மாடிக்கு எறங்கற ஒயர நானே மேல வெட்டி சுருட்டி வெச்சேன். உங்க வூட்டுக்கு லைனே கெடையாதுடா. நீங்க டிவி பாக்கறதே இல்லன்னு நெனச்சேன்."

மொட்டை மாடிக்கு நானும் ஏறிப் பார்த்தேன். வெட்டிய ஒயர் வெயிலில் வெளுத்து, சுருண்டு கிடந்தது. அப்படியென்றால் எட்டு மாதம் அவர்கள் பார்த்த படம்?

ஜோயல் ஷாரோனிடம் மன்னிப்புக் கேட்டான். அதற்கப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டான். வந்தது யார்?

"ஆல்வின் அனுப்ச்ச ஆளுன்னு நெனச்சேன். தோள்ல ஒயர் சுருள் இருந்துச்சி, கையில டெஸ்டர் இருந்துச்சி. கேபிள்காரங்க கிட்ட யாரு பேர் கேக்கறாங்க?"

"மூஞ்சி?"

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. ஒயர், டெஸ்டர், சட்டை நிறம் எல்லாம் ஞாபகம் இருந்தது. முகம் மட்டும் இல்லை.

ஆல்வினாகவே இருந்திருக்கக் கூடாதா என்று ஜோயல் இப்போது புலம்புகிறான். அவனையாவது நாலு வார்த்தை கேட்டிருக்கலாமாம்.

நேற்றுதான் ஷாரோன் இன்னொன்றைச் சொன்னாள். அந்த ஆள் இரண்டு தடவையும் போகும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாராம். மற்றபடி ஒரு வார்த்தை பேசவில்லை.

"இன்னான்னு?"

"'உங்க வூட்டுக்காரரு திரும்ப எப்போ செகண்ட் ஷிப்டு'ன்னு."

வருகிற திங்கட்கிழமை ஜோயலுக்கு செகண்ட் ஷிப்ட். இதுவரை செகண்ட் ஷிப்ட் வாரங்களில் லீவு போட்டுச் சமாளித்தான். லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது, போகாவிட்டால் வேலை போய்விடும். அணுபுரம் வீட்டில் மாமியாரும் வேலைக்குப் போய்விடுவார், ராத்திரிதான் வருவார். 7:10-க்கு ஷாரோன் தனியாகத்தான் இருப்பாள். அந்த வீட்டு ஹால் சுவரிலும் ஒரு டிவி சாக்கெட் இருக்கிறது. நான் போகாதே என்று சொல்லிவிட்டேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அவன் போகலாமா?