பிலோமினம்மாவின் பின்வளவு

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் அந்த நான்கு வீடுகளுக்கும் முன்னால் நான்கு கதவுகள். பின்னால் வேலியில்லாத ஒரே வளவு. இடிக்க வைத்திருந்த வீடுகளை எண்பத்தாறில் கவுன்சிலிடம் மன்றாடி வாங்கி, ஓட்டை உடைசலை அடைத்துக் குடியேறிய தமிழர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்திருந்தார்கள். வீடுகள் சங்கத்துக்குச் சொந்தம். தனி ஆளுக்கு ஒரு செங்கல்கூட இல்லை. எதைச் செய்வதென்றாலும் எல்லோரும் கை தூக்க வேண்டும். ஒரு கை கீழே கிடந்தாலும் காரியம் நடக்காது. குழாய் ஒன்றை மாற்றுவதற்கே இரண்டு கூட்டமும் ஒரு கோபமும் தேவைப்பட்டன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வீட்டில் பிலோமினம்மா தனியாக இருந்தார். மன்னார்க்காரி. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கும் வேலை, ஞாயிறு பூசை, மிச்ச நேரத்துக்கு ரேடியோ. வாய் கொஞ்சம் காரம். அந்தக் காரம் கறியில் மட்டும் இல்லை என்று நான்காம் வீட்டுச் சிவமலர் பகிடி பண்ணுவாள்.

சிவமலருக்கு அலுவலகம் கூட்டித் துடைக்கும் விடியற்காலை ஷிப்ட். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியதும் பின்கதவால் இறங்கி, வளவைக் கடந்து, பிலோமினம்மாவின் குசினிக் கதவைத் தட்டாமலே திறப்பாள். இருவரும் தேத்தண்ணி குடிப்பார்கள். ஊர்ப் பலாய், வம்பு எல்லாம் அங்கே அலசப்படும். அந்தக் கதவுச் சத்தம் கேட்காவிட்டால் பிலோமினம்மாவுக்குப் பொழுது விடியாது. லண்டனில் அவருக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

தொண்ணூற்று நாலில் சிவமலரின் கணவர் யோகராஜா ஒரு கதையைத் தொடக்கினார். வங்கியில் கடன் எடுத்துச் சங்கத்திடமிருந்து வீடுகளை வாங்கி, அவரவர் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். விருப்பமில்லாதவர்கள் முன்போலச் சங்கத்து வாடகைக்கு இருக்கலாம். மற்ற வீட்டார் உடனே கை தூக்கினார்கள். பிலோமினம்மாவின் கை மட்டும் கூட்டத்துக்குக் கூட்டம் சேலைத் தலைப்புக்குள்ளேயே இருந்தது.

"வீடு ஆற்றை பேரிலை இருந்தால் என்ன தம்பி? மழைக்கு ஒழுகாமல் இருந்தால் காணாதே?" என்றார்.

உள்ளே இருந்த பயம் வேறு. பெயர் பிரிந்தால் வளவும் பிரியும். கடன் கொடுப்பவர்கள் எல்லையைக் காட்டச் சொல்வார்கள் என்று சங்கத்து லோயர் சொல்லிவிட்டார். வேலி வரும். வேலி வந்தால் சிவமலர் முன்வாசலால் சுற்றி வந்து மணி அடிக்க வேண்டும். விருந்தாளி மாதிரி எத்தனை நாளைக்கு வருவாள்?

ஒருநாள் பின்னேரம் யோகராஜா தனியாக வந்தார். பெற்றோல் ஷெட் வேலை உடுப்போடு குசினி வாசலிலேயே நின்றார்.

"அக்கா, தொண்ணூறிலை ஊரிலை எங்கடை காணியை ஆமி எடுத்தது உங்களுக்குத் தெரியும். உறுதிப் பத்திரம் இப்பவும் பெட்டிக்குள்ளை கிடக்கு. அங்கை உறுதி இருக்கு, காணி இல்லை. இஞ்சை காணி இருக்கு, உறுதி இல்லை. ரெண்டும் ஒருக்கா எண்டாலும் என்ரை கையிலை ஒண்டாய் இருக்கவேணும் போலை கிடக்கு. ஏலாது எண்டு நீங்கள் சொன்னால் இனிக் கேக்கமாட்டன்."

யோகராஜா போய்விட்டார். பிலோமினம்மா கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார். அழுகை வந்தது. அவனுடைய ஆசையும் நியாயம், தன்னுடைய பயமும் நியாயம்; யார்மேல் கோபிப்பது என்று தெரியாததுதான் அவருக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் முதலில் உயர்ந்த கை அவருடையது.

எழுத்து வேலைகள் முடிந்து, ஒரு சனிக்கிழமை யோகராஜா வேலி போட இறங்கினார். ஊரில் தென்னோலைக் கிடுகு வேலியை ஒருவர் தனியாக அடைக்க முடியாது. உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் நின்று கயிற்றை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டு வீட்டுப் பெண்களும் போய்வர ஓரிடத்தில் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுவார்கள். அதற்குப் பொட்டு என்று பெயர். இங்கேயோ கடையில் வாங்கிய ஆளுயரப் பலகைத் தட்டிகள். தனியாகச் சமாளிக்கலாம் என்றுதான் யோகராஜா நினைத்தார். காற்று விடவில்லை. தட்டியும் அவருமாகப் புல்லில் தள்ளாடுவதைப் பிலோமினம்மா ஜன்னலால் பார்த்தார். பொறுக்கமுடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

"ஒராளாலை வேலி அடைக்கேலுமே? இந்தப் பக்கம் ஆர் பிடிக்கிறது?" என்று ஏசிக்கொண்டே பிடித்தார்.

ஒவ்வொரு தட்டியாக ஏறியது. நான்காம் வீட்டுப் படிகள் மறைந்தன, துணிக்கொடி மறைந்தது, சிவமலரின் பின்கதவு மறைந்தது. குசினி வாசலுக்கு நேரே ஓர் இடம்தான் மிச்சம். கிடந்த கடைசித் தட்டியைப் பிலோமினம்மா தானே தூக்கி நிறுத்தினார். கண் நிறைந்திருந்தது. அதை யோகராஜா காணக்கூடாது என்று முகத்தைத் தட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"பிடிச்சிருக்கிறன். அடியும் தம்பி."

சுத்தியல் சத்தம் வரவில்லை.

"அதைக் கீழை வையுங்கோ அக்கா. அது போடப் போறதில்லை."

"ஏன், லோயர் பேசமாட்டாரே?"

"இது இப்ப என்ரை காணி. பொட்டு எங்கை விடுறதெண்டு நான்தான் சொல்லுறது," என்றார் யோகராஜா.

பிலோமினம்மா தட்டியைக் கீழே வைத்தார். மறைத்து வைத்திருந்த முகம் வெளியே தெரிந்துவிட்டது. அதற்குள் சிவமலர் அந்த இடைவெளியால் வந்து, அவரைத் தாண்டிக் குசினிக்குள் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தாள்.