கொட்டாம்பட்டிக்குத் தெற்கே பேச்சு கிடையாது

மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் என்னிடம் ஒரே கேள்விதான். காய்கறி வண்டிக்காரரிலிருந்து எதிர்வீட்டு டாக்டர் வரைக்கும் அதையேதான் கேட்பார்கள். "ஏம்மா, பிளேன் தானாப் பறக்குதாமே? அப்புறம் நீங்க ரெண்டு பேரு முன்னாடி உக்காந்து என்னதான் பண்றீங்க?" நான் சிரித்து மழுப்பிவிடுவேன். உண்மையைச் சொன்னால் அந்தத் தெருவில் ஒருவரும் விமானத்தில் ஏற மாட்டார்கள்.

நான் துணை விமானி. வலது பக்கத்து இருக்கை என்னுடையது. நான் சொல்லப்போவது ஓர் ஆடி மாதத்து மதியம் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்தபோது நடந்தது. இடது இருக்கையில் இருந்த கேப்டனும் மதுரைக்காரர். சிம்மக்கல்லில் அவர்கள் குடும்பத்துக்குப் பாத்திரக்கடை. கல்லாவில் உட்காரச் சொன்ன அப்பாவிடம், அவர் பேச்சில் அத்தாவிடம், சண்டை போட்டுவிட்டு விமானம் ஓட்டப் போனவர். "அம்புட்டுப் பேரும் கடையைக் கட்டி ஆளுறோம், இவன் ஒருத்தன்தான் சம்பளத்துக்குப் போறான்" என்று அவருடைய அண்ணன்மார் இன்னும் கேலி செய்கிறார்களாம். மற்ற விமானிகளிடம் இங்கிலீஷில் பேசுகிறவர் என்னைக் கண்டதும் ஊர்ப்பேச்சுக்கு வந்துவிடுவார். மைக்கில் நான் அவரைக் கேப்டன் என்பேன். மற்ற நேரத்தில் அண்ணே.

பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால் வேலையைத் தவிர வேறு எதையும் விமானிகள் பேசக்கூடாது. எல்லா ஊரிலும் உள்ள விதிதான். சென்னையிலிருந்து இறங்கும்போது அந்த உயரம் ஏறக்குறைய கொட்டாம்பட்டிக்கு மேலே வரும். அதனால் எங்கள் கேப்டன் அதற்குத் தன் பாணியில் ஒரு பெயர் வைத்திருந்தார். "கொட்டாம்பட்டிக்குத் தெக்க பேச்சு கிடையாது, தங்கச்சி." சொன்னால் சொன்னதுதான். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் விரலைத் தூக்கிக் காட்டி நிறுத்திவிடுவார். மீதியைத் தரையில் இறங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

அன்றைக்குச் சென்னையிலேயே எல்லாம் கோணலாக இருந்தது. எண்ணெய் வண்டி வந்து இறக்கைக்குக் கீழே நின்றது, ஆனால் ஊற்றவில்லை. எங்கள் கம்பெனிக்கு இனிமேல் கடன் இல்லை, பணம் ஏறினால்தான் குழாயை மாட்டுவோம் என்று சொல்லிவிட்டார்கள். பயணிகளிடம் "தொழில்நுட்பக் காரணம்" என்று நான் மைக்கில் கூசாமல் பொய் சொன்னேன். ஆடிக்காற்று அடிக்கும் என்று கேப்டன் விதிப்படி வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் கேட்டிருந்தார். கம்பெனி எப்படியோ புரட்டிய பணத்துக்குக் கடைசியில் ஊற்றியது விதிப்படி வேண்டியதை மட்டும்.

மேலே போய், தானியங்கியிடம் விமானத்தை ஒப்படைத்ததும் பேச்சு ஆரம்பித்தது.

"சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்," என்றார். "நம்ம கம்பெனிச் சட்டி ஓட்டையாகி எம்புட்டு நாளாச்சு. குத்தகைக்குக் குடுத்தவன் ரெண்டு பிளேனத் திருப்பிக் கேக்குறானாம்."

"இதையும் கேப்பானாண்ணே?"

"கேட்டா இறங்கித்தான் குடுக்கணும். நல்லவேள, நடுவானத்துல கேக்க மாட்டான்."

சிரித்தேன். சிரிப்பு உள்ளே இறங்கவில்லை. இரண்டு மாதமாகவே எனக்கு இதே யோசனைதான். கம்பெனி மூடினால் வேறு கம்பெனிக்குப் போக வேண்டும். போனால் கையால் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். எங்களுக்கோ கம்பெனி சுற்றறிக்கை: கிளம்பிய உடனே தானியங்கியைப் போடு, தரை நெருங்கும்வரை எடுக்காதே, எண்ணெய் மிச்சமாகும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கையால் ஓட்டிய நேரத்தையெல்லாம் கூட்டினால் மதுரையிலிருந்து பஸ்ஸில் இராமேஸ்வரத்துக்கு நாலு தடவை போய்வரலாம், அவ்வளவுதான் தேறும். இதை அவரிடம் சொன்னேன்.

"காசு மிச்சம் புடிக்கிறேன்னு உங்க கையக் கட்டிப் போட்டுட்டானுக," என்றார். "சரி, விடு. மிசினு நல்ல மிசினுதான். ஆனா அதுக்கு வாய் கெடையாது. எழுதித்தான் காட்டும். நாமதான் படிக்கணும்."

எழுத்து என்று அவர் சொன்னது எங்கள் திரையின் உச்சியில் ஓடும் ஒரு வரியை. தானியங்கி இந்த நிமிடம் என்ன செய்கிறது, அடுத்து என்ன செய்யக் காத்திருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். அதில் ஓர் எழுத்து மாறினாலும் ஓட்டுகிறவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர் தானும் பார்த்துவிட்டு "செக்டு" என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவோம். பொத்தானை அழுத்தினோம் என்பது முக்கியமில்லை, எழுத்து வந்ததா என்பதுதான் முக்கியம்.

திருச்சி தாண்டும்போது அவர் குரலைத் தாழ்த்தினார். பூட்டிய அறைக்குள் நாங்கள் இரண்டே பேர், இவருக்கு ரகசியக் குரல். வளைகுடாவில் ஒரு கம்பெனி அவரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டதாம். பழைய வேலையில் கரும்புள்ளி எதுவும் இல்லை என்று சரிபார்த்துவிட்டு இந்த வாரமே கடிதம் அனுப்புவார்களாம். "யாருட்டயும் சொல்லிராத. மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், இங்க இருந்தா ஆகாது. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாசம் போயிருவேன்."

எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. நன்றாக ஓட்டத் தெரிந்த ஒவ்வொருவராக இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்றைய இறக்கம் என்னுடையது, ஓட்டுகிறவள் நான். பத்தாயிரம் அடி வந்தது. கீழே கொட்டாம்பட்டி. அவர் விரலைத் தூக்கினார். நான் நிறுத்தவில்லை.

"நீங்க போயிருவீங்க. நாங்க என்னண்ணே பண்றது? ஓட்டைச் சட்டியோட எங்கள விட்டுட்டுப் போறீங்க, அப்படித்தான?"

"தங்கச்சி, அப்புறம் பேசுவோம்."

"எப்பப் பேசுறது? கடுதாசி வந்த பெறகா?"

அவர் முகம் சுருங்கியது. பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். எத்தனையோ வருடம் காத்த விதியை என் வாய் உடைத்தது. யானைமலையை வலப்பக்கம் விட்டுவிட்டு, கிழக்கே சுற்றி, திருப்புவனத்துக்கு மேலே மேற்கு நோக்கித் திரும்பும்போதும் பேசிக்கொண்டேதான் இருந்தோம்.

மதுரை ஓடுபாதையிலிருந்து ஒரு ரேடியோ கதிர் சாய்வாக வானத்துக்கு நீண்டிருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் தானியங்கி அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டு இறங்கும். ஓடுபாதையின் திசையை முன்பே பிடித்திருந்தோம். சரிவுக்கான பொத்தானை அழுத்தினேன். அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். காற்றில் விமானம் குலுங்கியதில் விரல் வழுக்கியிருக்க வேண்டும். திரையைப் பார்க்காமலே, சரிவைப் பிடிக்கத் தயார் என்ற பொருளில் "அப்ரோச் ஆர்ம்டு" என்றேன். அவரும் பார்க்காமலே, "செக்டு. நான் சொல்றதக் கேளு, உன்னைய நான் விட்டுட்டா போறேன்..." என்று பேச்சைத் தொடர்ந்தார்.

எழுத்து வரவேயில்லை. சரிவு எங்களுக்கு அடியில் நழுவிப் போய்க்கொண்டிருந்தது. விமானம் சமமாக, சாதுவாக, அதே உயரத்தில் போய்க்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது ஓடுபாதை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எங்கோ பள்ளத்தில் கிடந்தது. ஆத்தாடி! உடனே "உயரமாக இருக்கிறோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்து அந்த ஒரு வாக்கியம், அவ்வளவுதான். சொல்லவில்லை. அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் தப்பை நானே சொல்ல வெட்கமாக இருந்தது. சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று குமிழைத் திருகி, தானியங்கியை வேகமாகக் கீழே இறங்கச் சொன்னேன். அது நல்ல பிள்ளை. ஏன் என்று கேட்கவில்லை. மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கியது.

செம்மண் தூசிக்குள் வயலும் கருவேலமும் பெரிதாகிக்கொண்டே வந்தன. விமானத்தின் எச்சரிக்கைக் குரல் இரண்டு தடவை கத்தியது. மிக வேகமாக இறங்குகிறாய் என்று அர்த்தம். பயிற்சிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன். நிஜத்தில் அதுதான் முதல் தடவை.

"யா அல்லா! கோ அரவுண்ட்!" என்றார் கேப்டன்.

இறங்காதே, மேலே ஏறு என்று பொருள். என்ஜின் நெம்புகோலை முழுதாகத் தள்ளினேன், தானியங்கியை எடுத்தேன், பிடியை இழுத்தேன். கை என்னுடையது போலவே இல்லை. என்ஜின் உறும, காற்று ஒரு பக்கமாகத் தூக்க, எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதே மறந்துபோய் ஒரு கணம் விழித்தேன். "மூக்க அங்கயே பிடி. விட்றாத. அம்புட்டுத்தான், அம்புட்டுத்தான்," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வலப்பக்கம் திருப்பரங்குன்றம் மலை சாய்ந்து சாய்ந்து போனது. உயிர் போய் உயிர் வந்தது.

மேலே ஏறியதும் எண்ணெயைப் பார்த்தோம். இன்னும் ஒரு தடவை முயலலாம். அதுவும் தவறினால் நேராகத் திருச்சிக்கு ஓட வேண்டும். "நீங்க ஓட்டுங்கண்ணே, என்னால முடியாது," என்றேன். அவர் வாங்கிக்கொண்டார். தானியங்கியைப் போட்டு, எழுத்து ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தார். நான் ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்தேன். இறங்கிவிட்டோம்.

பயணிகள் இறங்கும்போது வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "திருப்பரங்குன்றம் கோயிலச் சுத்திக் காமிச்சீங்க பாருங்க, அருமை! இதுக்குத் தனியாக் காசு கேப்பீகளோன்னு பார்த்தேன்." கேப்டன் கும்பிட்டார். என் கால் ஆடிக்கொண்டிருந்தது, தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

கதவைச் சாத்தியதும் கேட்டேன். "எழுதணும்லண்ணே?"

இப்படி ஏதாவது நடந்தால் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். படித்துப் பார்த்து, மற்ற விமானிகளுக்குச் சொல்வார்கள். அதற்காகத்தான் அது.

"கறுப்புப் பெட்டியில எல்லாம் பதிவாகியிருக்கும்," என்றார். "ஆனா அதப் படிக்கிற ஆளு போன மாசமே வேலைய விட்டுப் போயிட்டாரு. நாம சொன்னாத்தான் உண்டு." குரலைத் தாழ்த்தினார். "இந்த ஒரு வாரம் பொறுக்க முடியுமா, தங்கச்சி? அந்தக் கடுதாசி மட்டும் வந்துரட்டும்."

"நாளைக்கு வேற யாராவது இதே மாதிரி..."

"தெரியுது. தெரியாமக் கேக்கல." எழுந்து தொப்பியை எடுத்தார். "பிளேனச் சுத்திப் பார்த்துட்டு வாரேன்." அந்த வேலை என்னுடையது. என் காலைப் பார்த்திருப்பார்.

அவர் போன பிறகு நான் அழுதேன். எழுதினால் அவர் மகள் கல்யாணத்தில் மண் விழும். என் வேலையும் நிற்காது. எழுதாவிட்டால், பார்க்காமலே "செக்டு" சொல்லும் இன்னொரு ஜோடி, இன்னொரு நாள், அந்தக் கருவேலங்காட்டில். டேப்லெட்டைத் திறந்தேன். பொத்தான் அழுந்தியதா என்று பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொன்னேன், தெரிந்தபின் மறைக்கப் பார்த்தேன், விதி மீறிப் பேச்சை இழுத்தவள் நான், கேப்டனும் எழுத்தைப் பார்க்கவில்லை. இவ்வளவையும் அப்படியே எழுதி அனுப்பினேன். துரோகம் செய்துவிட்ட மாதிரியும் இருந்தது, மூச்சு விட முடிகிற மாதிரியும் இருந்தது.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. தானாக வரும் பதில். இந்த முகவரி இப்போது பயன்பாட்டில் இல்லை, உங்கள் அறிக்கை யாருக்கும் சேர்க்கப்படவில்லை.

கேப்டன் திரும்பி வந்தபோது சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. உட்கார்ந்தார். "அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேண்ணே. மன்னிச்சிருங்க."

"எதுக்கு மன்னிப்பு." பையிலிருந்து போனை எடுத்து என் பக்கம் நீட்டினார். இறக்கைக்குக் கீழே நிழலில் நின்று அவரும் எழுதியிருந்தார். 'செக்டு என்று சொன்னேன், பார்க்கவில்லை, தவறு என்னுடையது' என்று தன் பெயரைப் போட்டு அனுப்பியிருந்தார். அதற்குக் கீழே எனக்கு வந்த அதே பதில், எழுத்து மாறாமல்.

"இப்ப யாருட்டண்ணே சொல்றது?"

பின்னால் சென்னைப் பயணிகள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். பெட்டிகளை மேலே தூக்கி வைக்கும் சத்தம், ஏதோ குழந்தையின் சிணுங்கல், ஜன்னல் ஓர இருக்கைக்கு ஒரு சண்டை.

"பயமா இருக்குண்ணே."

"எனக்குந்தான்," என்றார். பெல்ட்டை மாட்டிக்கொண்டார். "எல்லாரும் ஏறிட்டாங்களான்னு கேட்டுட்டு, கதவச் சாத்தச் சொல்லு."