ரங்கன் பேரில் வந்த மிச்சப் பணம்

குணசுந்தரிக்கு வந்த கடுதாசியைத் தபால்காரரே பிரித்துப் படித்துச் சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன் ஏலம் போன அவள் வீட்டில், கடன்காரர்கள் எல்லாருக்கும் கொடுத்தது போக, இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் மிச்சமாம். வீட்டுக்கடன் கம்பெனியின் பொன்னேரி ஆபீசுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாமாம். போன பணம் திரும்பி வருமா? பழவேற்காட்டுக் கரையில் யாருக்கும் வந்து பார்த்ததில்லை. குணசுந்தரி நண்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா சார், வெளையாடறியா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

விளையாட்டில்லை. ஆனால் பணம் இரண்டு பேர் பேரில் இருந்தது. ஒன்று அவள், இன்னொன்று அவள் புருஷன் ரங்கன். இரண்டு கையெழுத்தும் வேண்டும். ரங்கன் கையெழுத்துக்கு அவள் எங்கே போவாள்? ஆள் இல்லையென்றால், செத்ததற்குச் சான்று வேண்டுமாம்.

அவன் கதை கரை முழுக்கத் தெரிந்ததுதான். வீட்டை அடமானம் வைத்துப் பெரிய படகும் இன்ஜினும் வாங்கினான். இரண்டே வருஷம். புயலில் படகு உடைந்தது, இன்ஜினை விற்றுத் தின்றாயிற்று, வட்டி கழுத்துக்கு வந்தது. கடனைக் கட்ட முடியாதென்று கோர்ட்டில் மஞ்ச நோட்டீஸ் கொடுத்தான். அது தெரிந்த நாளிலிருந்து டீக்கடையில் அவனுக்கு யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. கூடப் பிறந்தவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீடு ஏலம் போன வாரம், இரவல் தோணி ஒன்றை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனான். மறுநாள் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் தோணி மட்டும் கிடைத்தது. உள்ளே அவன் துண்டும் பீடிக்கட்டும். ஆளும் இல்லை, உடம்பும் இல்லை.

உடம்பே கிடைக்காதவனுக்கு எப்படி அழுவது? குணசுந்தரி அழவில்லை. "வருவாரு"ன்னு சொல்லிக்கொண்டு பொட்டும் தாலியுமாகவே இருந்தாள். ஊர் என்னென்னவோ பேசிற்று, பேசட்டும். நட்டநடுப் பகலில், கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருப்பாள். முதுகுக்குப் பின்னால் அவன் இருமுவான். அதே பீடி இருமல், இரண்டு தரம், பிறகு ஒரு செருமல். திரும்பினால் வெறும் ஏரி. பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் இருமல் கேட்காத நாளில்தான் அவளுக்குச் சோறு இறங்காது.

கரையில் ஒரு முறை உண்டு. எந்த நாளில் யார் எங்கே வலை கட்டுவது என்று குடும்பத் தலைவன் பேரில் சீட்டுக் குலுக்குவார்கள். பாடு என்று அதற்குப் பேர். ரங்கன் பேர் இன்னும் சீட்டில் இருந்தது. அவன் முறை வரும் நாளில் வேறு யாராவது வலை கட்டி, பிடித்ததில் பாதியை அவளுக்குக் கொடுப்பார்கள். அவன் செத்தான் என்று ஊர் ஒத்துக்கொண்டால் பேரை அடித்துவிடுவார்கள். ஆண் பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது.

"செத்துட்டான்னு ஊர்க் கடுதாசி வேணும்னா காரியம் பண்ணணும்மா," என்றார் ஊர்த்தலைவர் துளசிங்கம். "காரியம் பண்ணாதவன செத்துட்டான்னு நாங்க எப்படி எழுதித் தர்றது? எழுதினா பாடும் போச்சு. நல்லா ரோசன பண்ணிக்கோ."

மூன்று நாள் யோசித்தாள். மகள் வைஷ்ணவி நர்சிங் இரண்டாம் வருஷம். ஃபீஸ் கட்டாமல் பரீட்சைக்கு உட்கார முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நைனாவ நாமளே சாவடிக்கறோமாம்மா?" என்று வைஷ்ணவி கேட்டாள்.

"கம்முனு இரு," என்றாள் குணசுந்தரி. வேறென்ன சொல்லுவாள், பாவம்!

வைக்கோலில் ஆள் கட்டி, ரங்கனின் நீலச் சட்டையை மாட்டி, கரையிலேயே கொளுத்தினார்கள். சட்டை பற்றிக்கொண்டபோது, எட்டு வருஷமாக அடக்கி வைத்திருந்தது அவளுக்குள் உடைந்தது. "அடப்பாவி, எங்கிட்டகூட சொல்லிக்காம போயிட்டியே"ன்னு மண்ணில் புரண்டு அலறினாள். அவனுக்கு டீக்கடையில் இடம் விடாதவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வளையல் உடைந்தது, தாலி இறங்கியது, துளசிங்கம் நோட்டில் பேரை அடித்தார். காரியம் முடிந்தால் இருமலும் அடங்கும் என்று நினைத்தாள். அடங்கவில்லை. முன்னைவிடப் பக்கத்தில், காதோரமாகக் கேட்டது.

ஊர்க் கடுதாசி, போலீஸ் சான்று என்று அலைந்து வாங்கி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு பொன்னேரிக்குப் போனாள். ஆபீசில் ஜெனிஃபர் என்ற பெண் காகிதங்களைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"எங்க வூட்டுக்காரரு செத்துட்டாரு மேடம். அவரு கையெழுத்துக்கு..."

"யாரு, ரங்கனா? போன செவ்வாய்க்கெழம வந்தாரே!"

"எந்த ரங்கன் மேடம்?" என்றாள் குணசுந்தரி. ஜெனிஃபர் ஃபைலைத் திருப்பிக் காட்டினாள். அவன் கையெழுத்தேதான். "நெல்லூர் பக்கம் இருக்காரு. மூணு வருஷம் முன்னாடியே எங்களுக்கு அட்ரஸ் குடுத்திருக்காரு. உங்களுக்கு வந்த கடுதாசி அங்கயும் போச்சு. தன் பங்கு வேணாம், மொத்தமும் உங்களுக்கே குடுத்துடுங்கன்னு எழுதிக் குடுத்தாரு. பொண்ணு இன்னா படிக்குதுன்னு கேட்டாரு. எனக்குத் தெரியலன்னேன்."

கம்பெனிக்கு அட்ரஸ் கொடுத்திருக்கிறான். பொன்னேரிவரை வந்திருக்கிறான். இங்கிருந்து கரைக்கு ஒரே பஸ், அதில் ஏற அவனுக்கு மனசு வரவில்லை. ஊருக்கு முன்னால் தலைகாட்ட வெட்கம் என்றால் சரி, கட்டினவள் முன்னாலுமா? செத்திருந்தால் மன்னித்திருப்பாள். உயிரோடு இருந்துகொண்டு வராதவனை என்ன செய்வது?

"நம்பர் இருக்கும்மா. போன் போட்டுத் தரட்டுமா?"

குணசுந்தரி வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே அந்த ஃபைலைத் தன் பக்கம் இழுத்தாள்.

"வேணாம் மேடம். இப்பதான் அழுது முடிச்சேன். இன்னொரு தபா என்னால ஆவாது," என்றாள். "எங்க கையெழுத்துப் போடணும்?"