மல்லியின் நாலு காலையும் பார்த்த அண்ணன்

எங்கள் அண்ணன் பிறந்தது கள்ளிக்குப்பத்தில். ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைக்குட்டி. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி அம்பத்தூரில் லேத் பட்டறைக்குப் போனார். எங்கள் நால்வரையும் கரை சேர்த்தது அந்தச் சம்பளம்தான். பட்டறையை மூடியபோது அவருக்கு நாற்பது வயது. வேறு யாராக இருந்தாலும் ஆட்டோ வாங்கியிருப்பார்கள். இவர் ஒரு வெள்ளைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்து, ஆவடி பக்கம் கோவில்பதாகையில் இருந்த தன் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுக் கட்டினார். மல்லி என்று பெயர் வைத்தார். அண்ணி ஒரு வாரம் பேசவில்லை.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மல்லியைக் கூட்டிப் போவதுதான் பிழைப்பு. ஆனால் அண்ணனுக்கு அலங்காரத்தைவிடக் குளம்புதான் முக்கியம். காலையும் மாலையும் குனிந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொள்வார். வளைந்த இரும்புக் கொக்கியால் அடியில் அப்பிய சாணத்தையும் கல்லையும் சுரண்டி எடுப்பார். நடுவில் முக்கோணமாக மெத்தென்று ஓர் இடம் உண்டு. அங்கே மோந்து பார்ப்பார். "ஈரத்துல நின்னுகினே இருந்தா இங்கதான் மொதல்ல அழுகிப்பூடும், பாப்பா. கண்ணுக்குத் தெரியாது, நாத்தம் காட்டிக் குடுத்துடும்" என்பார். மழைக்காலத்தில் மரக்கடையிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள் கொண்டுவந்து கொட்டகைத் தரையில் கொட்டுவார். வீட்டுக் கூரை ஒழுகுமே, அதை மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது.

என் மகன் கல்யாணத்தன்று காலையில் மல்லியின் பின்னங்காலில் அந்த வாடை அடித்தது. குதிரை வராது என்று சொல்லிவிட்டார், தாய்மாமன்! பூந்தமல்லி மண்டபத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் எனக்கு மானமே போயிற்று. "என் புள்ளையவிட உனக்குக் குதிரைதான் ஒசத்தியா?" என்று கத்தினேன். "உன் புள்ள கார்ல வந்துடுவான். இது நடந்துதானே வரணும்" என்றார். மாப்பிள்ளை காரில் வந்தான், கல்யாணமும் நன்றாகவே நடந்தது. நான்தான் இரண்டு மாதம் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

அண்ணனுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. மழையிலும் ரப்பர் செருப்போடு கொட்டகைச் சேற்றிலேயே நிற்பார். சென்ற வருட மழையில், கோபம் தணிந்து நான் பார்க்கப் போனபோது இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்.

"இன்னாண்ணா, நொண்டறே?"

"செருப்பு கடிச்சிருக்கும். நீ டீயைக் குடி."

"காலைக் காட்டு."

"நான் இன்னா குதிரையா, தூக்கிக் காட்ட?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டேன். மூத்தவர் காலை எப்படிப் பிடித்து இழுப்பது என்று ஒரு கூச்சம். அன்றுதான் ராசியானோம், மறுபடி சண்டை எதற்கு என்ற நினைப்பும் இருந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அண்ணிதான் போர்வையில் கறையைப் பார்த்தார். உள்ளங்காலில் புண். பாதம் மரத்துப்போயிருந்ததால் அவருக்கே பெரிதாக வலிக்கவில்லையாம். காலை எடுத்தும் பயனில்லை, விஷம் உடம்பில் ஏறிவிட்டது. கடைசி நாளில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மல்லி காலைப் பாத்தியா?" பார்த்தேன் என்று பொய் சொன்னேன். அன்று மாலையே போய், பயந்து பயந்து நாலையும் தூக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. ஐயோ, அவர் காலைப் பார்க்காமல் விட்டேனே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மல்லியைக் கவனித்து, இன்று தன் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றும் லாடக்கார பாய்க்கும், தண்ணீர் நின்ற தெருவில் அண்ணனைச் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கும், ரத்தம் கொடுத்த ஆவடி குவார்ட்டர்ஸ் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் சர்க்கரை உள்ளவர்கள் இருப்பார்கள். இன்று போனதும் அவர்கள் பாதத்தைக் கையில் எடுத்து, விரலிடுக்கு வரை பாருங்கள். காட்ட மாட்டார்கள், ஏதாவது கேலி பேசிச் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள்.