குலசேகரம் மகளும் கூண்டுக் கொசுக்களும்

பிரஷாந்தியை யாராவது "ஒய்பி மகள்" என்று கூப்பிட்டால் திரும்பியே பார்க்க மாட்டாள். அப்படியொரு வீம்பு. ஒய்பி என்றால் மலாயில் மாண்புமிகு. பினாங்கில் சட்டமன்ற உறுப்பினரான அவள் அப்பா குலசேகரத்தைத் தெரியாத ஆள் உண்டா? நின்ற தேர்தலெல்லாம் வெற்றி. சூலியா தெருவில் நடந்தால் கடைக்குக் கடை நுரை பொங்கும் தே தாரேக் டீ நீளும். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கிடைத்தாலும், "எல்லாம் அப்பா செல்வாக்கு" என்றார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? செல்வாக்கு எடுபடாத துறையாகப் பார்த்துக் கொசு ஆராய்ச்சிக்குப் போனாள். யார் மகள் என்று விசாரித்துவிட்டா கொசு கடிக்கிறது!

அப்பாவோ மேடைக்கு மேடை "என் மகள் டாக்டர்" என்று பெருமையடித்தார். அதை நம்பி இருமலோடும் மூட்டுவலியோடும் ஆட்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "நான் கொசு டாக்டர்லா!" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

இந்த வருஷம் ஜார்ஜ்டவுனில், அப்பாவின் தொகுதியில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் டெங்கி பரவியது. தேர்தலும் நெருங்கியிருந்தது. கொசு மருந்து இயந்திரம் உறுமி, வெள்ளைப் புகை மாடிப்படியெல்லாம் சூழ்ந்தால்தான் ஜனங்களுக்கு ஏதோ நடந்த திருப்தி. குலசேகரம் அதை மைக் கட்டி, மாலை போட்டு விழாவாகவே நடத்துவார். இந்த முறை மகளும் மேடையில் நிற்க வேண்டும் என்றார்.

"அப்பா, அந்த பிளாட்ல கொசு முட்டை எடுத்து லேப்ல வளர்த்துப் பார்த்தாச்சு. உங்க புகைக்குச் சாகவே மாட்டேங்குது. வீட்டுக்கு வீடு போய் வாளி, தொட்டியக் கவுத்தணும்."

"வாளியக் கவுத்தா எவன் கண்ணுக்குத் தெரியும்? புகை தெரியும் பிள்ளை. நீ வந்து சிரிச்சிக்கிட்டு நின்னா போதும்."

வந்தாள். சிரிக்கத்தான் இல்லை. மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, தான் கொண்டுவந்த இரண்டு வலைக்கூண்டுகளிலும் புகை அடிக்கச் சொன்னாள். ஒன்றில் லேப்பிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த கொசுக்கள் சற்று நேரத்தில் பொத்துப் பொத்தென்று விழுந்தன. மற்றதில் அடுக்குமாடி முட்டையிலிருந்து வளர்ந்த கொசுக்களோ ஜாலியாகப் பறந்தன. இயந்திரம் அதற்குள் மாடிப்படிப் பக்கம் உறுமிக்கொண்டு போயிருந்தது.

பிரஷாந்தி சட்டைக் கையை மடித்து, பறக்கிற கொசுக்களின் கூண்டுக்குள் முழங்கைவரை விட்டாள். கொசுக்களுக்கு இரத்தம் கொடுக்க லேப்பில் வழக்கமாகச் செய்வதுதான். முட்டையிலிருந்து வளர்ந்தவற்றுக்கு நோய் கிடையாது. கூட்டத்துக்கு அது தெரியுமா? கையில் கொசுக்கள் கருகருவென்று மொய்ப்பதைப் பார்த்து முன்னால் நின்றவர்கள் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

"என் மகன் ஆஸ்பத்திரியில கெடக்கான் ஒய்பி!" என்று கீழேயிருந்து கத்தினாள் குடியிருப்புக்காரி ஜெயலெட்சுமி. "போன வாரமும் இதே புகைதானே அடிச்சீங்க?"

குலசேகரம் மகளிடம் ஓடிவந்தார். "போதும் பிள்ளை! கைய எடு!"

"எனக்கு அரிக்கும், அவ்வளவுதான்பா. இந்தப் புகைய நம்பியிருந்தா இவங்க பிள்ளைங்க உயிரு போகும். மெஷின நிறுத்துங்க, எடுக்கிறேன்."

அவர் குனிந்து அவள் காதோரம் கெஞ்சினார். "புகை அடிக்கலன்னா ஓட்டுப் போயிரும்மா."

அவள் மற்றக் கையில் மைக் இருந்ததை அந்த மனிதர் கவனிக்கவே இல்லை. ஒலிபெருக்கி அதை அடுக்குமாடி முழுக்கச் சொன்னது.

"போகட்டும்பா" என்றாள் பிரஷாந்தி, அதே மைக்கில்.

குலசேகரம் நிமிர்ந்தார். ஜெயலெட்சுமியின் முகத்தைப் பார்க்க முடியாமல், இயந்திரக்காரரை நோக்கிக் கையைக் காட்டினார். உறுமல் நின்றது. அதற்கப்புறம்தான் அவள் கையை வெளியே எடுத்தாள்.