சந்திப்புச் சீட்டில் என் விலாசம்

கரோல்பாக் வீட்டில் பட்டப்பகலில் புகுந்து, சங்கிலிக்காக என் கழுத்தில் கத்தி வைத்தவனைக் கோர்ட்டில் அடையாளம் காட்டியது நான்தான். ஏழு வருஷம் தண்டனை. கூண்டிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினான். அதற்குப் பயந்துதான் மந்திர் மார்க் பக்கம் குவார்ட்டர்ஸுக்கு மாறினோம்.

மூன்றாவது வருஷம், பக்கத்து வீட்டு மாமி துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள்: "ஜெயில்ல நன்னா நடந்துண்டா பரோல்னு லீவு குடுத்து ஆத்துக்கு அனுப்பறாளாம். எங்காத்துக்காரருக்கே லீவு கிடைக்க மாட்டேங்கறது!"

அவன் இப்போது உள்ளே இருக்கிறானா, இல்லையா?

கணவரிடம் சொல்லாமல் பஸ் ஏறி ஜெயில் வாசலுக்குப் போனேன். கைதிகளைப் பார்க்க வந்தவர்களின் வரிசைதான் இருந்தது. விசாரிக்க வேறு இடம் இல்லை. அதிலேயே நின்றேன்.

ஜன்னலில் இருந்த குமாஸ்தா, "மதராஸியா? இட்லியெல்லாம் உள்ளே விடமாட்டோம், பெஹன்ஜி" என்றார் இந்தியில். வரிசை சிரித்தது. நான் கைதியின் பெயரைச் சொன்னேன்.

"உங்க பேரு? விலாசம்? ஜல்தி!"

ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்டவுடன் ஒப்பித்துப் பழகிய வாய். குவார்ட்டர் நம்பரோடு சொல்லிவிட்டேன்.

"என்ன உறவு?"

நான் பின்னால் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். "அச்சா, தங்கைன்னு போடறேன்" என்று அவரே எழுதினார்.

"அவன் எப்போ வெளியே வருவான்?"

"அதை அவனையே கேளுங்க."

சீட்டை ஒரு காவலர் உள்ளே எடுத்துப் போனார். "சீட்டைக் கைதிகிட்ட காட்டித்தான் கூட்டிட்டு வருவாங்க" என்று பின்னால் நின்றவள் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. பஸ் நிற்குமிடம்வரை ஓடினேன்.

பத்து நாளில் ஜெயில் முத்திரையோடு ஒரு போஸ்ட்கார்டு வந்தது. இந்தியில் இருந்ததைக் கணவர் படித்துச் சொன்னார்: "பார்க்காமலே போய்விட்டாயே, தங்கச்சி. ஹோலிக்கு லீவில் வருகிறேன். உன் வீட்டுக்கும் வருவேன்." ஜெயில் வாசலுக்குப் போனதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

ஜெயில் சீர்திருத்தம் என்று பேப்பரில் வந்தால் தேடிப் படிப்பேன். கைதிக்கு நல்ல சாப்பாடு, தொழில், லீவு எல்லாம் வேண்டியதுதான். அவனை வெளியே விடும்முன் எனக்கும் ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். அந்த வாசலில் எங்களைப் போன்றவர்கள் கேட்க இன்னொரு ஜன்னல் வைத்திருக்கலாம். அவன் வருவதை எனக்குத் தெரிவித்தது அவன் ஒருவன்தான்.

போலீசில் சொன்னதற்கு, "வந்தால் சொல்லுங்கள்" என்றார்கள். ஹோலியன்று முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, பின்வழியாக வந்து உள்ளே உட்கார்ந்திருந்தோம். காலையிலிருந்து யார் யாரோ கதவைத் தட்டினார்கள். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். சாயம் பூசிய முகங்கள். எதுவும் யாருடையது என்று தெரியவில்லை.