முதல் நன்மை உடுப்போடு விளையாடியவள்

எனக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். ஒஸ்லோவில் நாங்கள் இருந்த மாடிக் குடியிருப்புக்குப் பின்னால் சரளையும் மண்ணுமான ஒரு திடல். அங்கே ஓர் அமெரிக்கர் பிள்ளைகளுக்குப் பேஸ்போல் பழக்கினார். மட்டையும் கையுறையும் அவரே தருவார். அதனால் எங்கள் அணியில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள்.

அதில் ஒருத்தி, மன்னார்க் குடும்பத்துப் பிள்ளை. விளையாட்டு அவளுக்கு வரவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசுவாள். பந்து வந்தால் கையுறையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். ஆனால் மழையோ குளிரோ, பயிற்சிக்கு முதலில் வந்து நிற்பவள் அவள்தான். பந்து அதிகம் வராத வலது ஓரத்தில் அவளை விட்டுவிடுவோம். அங்கே நின்று எங்கள் எல்லோருக்காகவும் தொண்டை கிழியக் கத்துவாள்.

அந்த மே மாதம் ஒரு போட்டி வந்தது. அடுத்த கிழமை நாங்கள் தொலைவிலுள்ள துரொண்ட்ஹெய்ம் நகருக்குக் குடிமாற இருந்தோம். அதனால் அந்த அணியோடு எனக்கு அதுதான் கடைசி ஆட்டம். அவளுக்கு அன்று தேவாலயத்தில் முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. வர முடியாது என்று முன்பே சொல்லிவிட்டாள். அவள் இல்லாமல் சரியாக ஒன்பது பேர் இருந்தோம். காலையில் ஒருவன் சைக்கிளால் விழுந்து கையை முறித்துக்கொண்டான். எட்டுப் பேரோடு ஆட விடமாட்டார்கள். கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றார் நடுவர். நான் ஓரமாகக் குந்திவிட்டேன்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைக் கவுனும் பூமுடியுமாக அவள் இறங்கினாள். விருந்துக்குப் போகிற வழியில் எங்களைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகத் தகப்பனை மன்றாடிக் கூட்டி வந்திருந்தாள்.

"ஏன் எல்லாரும் சும்மா நிக்கிறியள்?"

"ஒராள் குறையுது," என்றேன்.

உடனே பூமுடியைக் கழற்றித் தகப்பனிடம் நீட்டினாள். "அப்பா, இதைப் பிடியுங்கோ."

"உனக்கென்ன விசரே? லில்லெஸ்ட்ரோம் மண்டபத்திலை சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிக்குது. கேக் வெட்ட வேண்டாமே?"

"கேக் எங்கையும் ஓடாதப்பா. நான் போனா இவங்கள் விளையாடேலாது."

"கொம்மா என்னைத்தான் கொல்லப்போறா," என்றபடி அவர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகத் தூறலில் நின்றார்.

ஆட்டம் நடந்தது. அவள் ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை. கடைசியில் பந்து அவள் பக்கம் போனது. ஓடினாள், முகம் குப்புற விழுந்தாள், பந்து அவளைத் தாண்டி உருண்டது. மோசமாகத் தோற்றோம். எழும்பி வந்தபோது கவுனின் முன்பக்கம் முழுக்கச் சேறு. "இனி எப்பிடியடி உன்னைப் படம் எடுக்கிறது?" என்று தகப்பன் தலையில் கை வைத்தார். அவள் என்னைப் பார்த்து, "அங்கை போயும் விளையாடு, என்ன?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். அதன் பிறகு நான் அவளைக் காணவில்லை.

துரொண்ட்ஹெய்முக்குப் போய் நான் விளையாடவில்லை. பள்ளிக்கூடத்தையும் இடையில் விட்டேன். ஹம்மர்பெஸ்ட்டில் மீன் வெட்டினேன், படகுகளில் சமைத்தேன், கிடங்குகளில் பெட்டி தூக்கினேன். ஓரிடத்தில் நெடுநாள் நிற்க எனக்கு இன்றைக்கும் வராது. ஆனால் எந்த வேலையை விட்டாலும், என் இடத்துக்கு இன்னொருவர் வந்து சேரும்வரை நின்றுவிட்டுத்தான் கிளம்புகிறேன். நன்றாகச் செய்யத் தெரியாவிட்டாலும், ஆள் இருப்பதே மற்றவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.